எதிராளியை உயர்த்திய வில்லன்: பாபி ஈட்டனும் அமெரிக்க டேக் டீம் மல்யுத்தமும்

அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்தம் என்று வழங்கும் அரங்கக் கலையில் யார் வெல்வார், யார் தோற்பார் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடுவதால், அதில் உழைத்தவர்களின் திறமையை வெற்றி தோல்விக் கணக்கைக் கொண்டு அளக்க முடியாது. முடிவு தெரிந்திருந்தும் அது தெரியாததுபோல் பார்வையாளரைப் பதறவைக்க எவரால் முடிந்தது என்பதே அங்கு உரிய அளவுகோல். அந்தப் பதற்றத்தை உண்டாக்கும் பொறுப்பு பெரும்பாலும் வில்லனுடையது. தொழிலுக்குள் அவருக்கு ‘ஹீல்’ என்றும், கூட்டத்தின் ஆதரவைப் பெற வேண்டிய நாயகனுக்கு ‘பேபிஃபேஸ்’ என்றும் பெயர். நாயகன் என்ன செய்தாலும் அதற்குப் பொருள் தருவது அதற்கு முன் வில்லன் செய்துவைத்ததுதான். இவ்வுண்மை மிகத் தெளிவாகத் துலங்குவது இருவருக்கு இருவர் மோதும் டேக் டீம் ஆட்டத்தில். அந்த வடிவத்தில் 1980களில் உச்சத்தைத் தொட்டவர்களுள், அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் பிறந்த பாபி ஈட்டனுக்கு இணையாகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே.

டேக் டீம் ஆட்டத்தின் விதிகள் எளியவை. ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர் மட்டுமே கயிறு சூழ்ந்த களத்துக்குள் இருக்கலாம். மற்றவர் தம் மூலையில், கயிற்றுக்கு வெளியே, கம்பத்தில் கட்டிய ஒரு சிறு கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து கையைத் தொட்டால்தான் அவர் நுழையலாம். அப்படி ஆள் மாறும்போது வெளியேற வேண்டியவருக்கு நடுவர் ஐந்து எண்ணும் வரை அவகாசம் உண்டு. இவ்விதிகளைக் காக்க ஒரே ஒரு நடுவர்தான் இருக்கிறார், அவருக்கு ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் பார்க்க முடியும் என்பதிலிருந்தே இந்த வடிவத்தின் நாடகம் முழுவதும் பிறக்கிறது. தனி ஆட்டத்தில் வில்லன் ஏமாற்றுவதற்கு ஏதேனும் ஒரு சூழ்ச்சியைத் தேட வேண்டியிருக்கும். டேக் டீம் ஆட்டத்திலோ ஏமாற்றுக்கான இடம் விதிகளுக்குள்ளேயே திறந்து கிடக்கிறது.

நன்கு அமைந்த ஓர் ஆட்டம் பெரும்பாலும் நான்கு கட்டங்களாக நகரும். முதலில் நாயகர்கள் தங்கள் வேகத்தாலும் திறத்தாலும் வில்லன்களைத் திணறடிப்பார்கள். பின்னர் ஒரு குறுக்கு வழியால் நாயகர்களில் ஒருவர் வீழ்த்தப்பட்டு, வில்லன்களின் மூலையில் சிக்குவார். அடுத்து வரும் நீண்ட பகுதியில் அவர் தம் கூட்டாளியின் கையைத் தொட முயன்று முயன்று தோற்பார். இறுதியில் அந்தக் கை தொடப்பட, காத்திருந்த கூட்டாளி புயலாக உள்ளே பாய்வார். இந்தக் கடைசித் தொடுகைக்கு ‘ஹாட் டேக்’ என்று பெயர். அரங்கம் எழுந்து நிற்பது அப்போதுதான். கைதட்டல் நாயகனுக்குப் போனாலும், அதன் உரத்தைத் தீர்மானிப்பது மூன்றாம் கட்டம். தொடுகையை எவ்வளவு நேரம் தள்ளிப்போடுவது, எத்தனை முறை கைக்கெட்டும் தூரம் வரை விட்டுப் பின் காலைப் பிடித்து இழுப்பது, கூட்டம் நம்பிக்கையிழந்து ஓய்ந்துவிடும் முன் எந்தக் கணத்தில் வழிவிடுவது என்பவை எல்லாம் வில்லன்களின் கையில் இருந்தன.

இந்த மூன்றாம் கட்டத்தின் மிக நுட்பமான உத்தி, நடுவர் காணாத தொடுகை. சிக்கியிருக்கும் நாயகன் ஊர்ந்து சென்று தன் கூட்டாளியின் கையைத் தொட்டேவிடுகிறார். அரங்கமே அதைப் பார்க்கிறது. ஆனால் அக்கணத்தில் வில்லன்களின் மேலாளர் களத்தின் விளிம்பில் ஏறிக் கூச்சலிட்டு நடுவரைத் தன் பக்கம் திருப்பியிருக்கிறார். திரும்பி வரும் நடுவர், தாம் காணாத தொடுகையை ஏற்க மறுத்து, உள்ளே வந்த கூட்டாளியை மூலைக்குத் திருப்பி அனுப்புகிறார். அநீதியைக் கண்டு கொதித்த கூட்டாளி நடுவரோடு வாதாட, அந்த வாதாட்டமே நடுவரின் கண்களை மறைத்துவிட, அவர் முதுகுக்குப் பின்னால் இரு வில்லன்களும் சேர்ந்து தனித்துக் கிடப்பவரைத் தாக்குகிறார்கள். நேர்மையானவரின் நியாயமான கோபமே அநீதிக்கு வழியமைத்துக் கொடுக்கும் இந்த அமைப்பை, பாமரக் கேளிக்கை என்று ஒதுக்கப்பட்ட ஒரு கலை தன் பட்டறிவால் கண்டடைந்தது என்பது உரிய கவனம் பெறாத செய்தி.

வில்லன் இணைகள் ஈட்டனின் காலத்துக்கு வெகு முன்பே இருந்தன. இத்தாலியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த அல் கோஸ்டெல்லோ, ராய் ஹெஃபர்னனுடன் சேர்ந்து 1957இல் கனடாவின் கால்கரியில் தொடங்கிய ஃபேபுலஸ் கங்காரூஸ் அணி, பூமராங்கும் அகன்ற விளிம்புத் தொப்பியுமாக வலம்வந்து, ஓர் இணை தனக்கென ஒரே தோற்றமும் ஒரே குணமும் கொண்டிருக்க முடியும் என்று காட்டியது. ஜீன் ஆண்டர்சனும் ஓல் ஆண்டர்சனும் கரோலினா மாநிலங்களில் எதிராளியின் ஒரு கையை மட்டும் குறிவைத்து ஆட்டம் முழுக்க முறுக்கி வதைத்து, வில்லத்தனத்துக்கு ஒரு கறாரான தர்க்கத்தைத் தந்தார்கள். ஈட்டன் வந்து சேர்ந்தது இந்த மரபில்தான்.

அவர் 1958 ஆகஸ்ட் 14இல் பிறந்தார். அந்நாளில் அமெரிக்க மல்யுத்தம் பல வட்டாரங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு முதலாளி தமக்குரிய நகரங்களில் வாரந்தோறும் ஆட்டங்களை நடத்திவந்தார். ஹன்ட்ஸ்வில், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லைத் தலைமையிடமாகக் கொண்ட நிக் குலாஸின் வட்டாரத்தைச் சேர்ந்தது. பதின்மூன்று வயதிலேயே அங்கு களம் அமைக்கும் வேலையில் சேர்ந்த ஈட்டன், பலகைகளையும் கயிறுகளையும் பொருத்திக்கொண்டே தொழிலைக் கற்று, 1976இல், பதினெட்டு வயது நிறையும் முன்பே, முதல் ஆட்டத்தில் இறங்கினார். முதலாளியின் மகன் ஜார்ஜ் குலாஸுடன் இணைந்தும், பின்னர் மெம்ஃபிஸ் வட்டாரத்தில் கோகோ வேருடன் இணைந்தும் கழிந்த அடுத்த ஏழு ஆண்டுகளில் அவர் பெரிய பெயர் எதையும் எடுக்கவில்லை. ஆனால் வாரத்தின் பெரும்பாலான இரவுகளில் வெவ்வேறு ஊர்க் கூட்டத்தின் முன் நின்ற அந்தப் பழக்கம் அவருக்குப் பின்னாளில் பெரும் முதலாயிற்று.

திருப்பம் 1983இன் இறுதியில் வந்தது. லூசியானா, ஓக்லஹோமா, மிசிசிப்பி முதலிய மாநிலங்களை உள்ளடக்கிய மிட் சவுத் வட்டாரத்தின் முதலாளி பில் வாட்ஸ், சரிந்துவந்த வசூலை நிமிர்த்தப் புதிய முகங்களைத் தேடி, மெம்ஃபிஸிலிருந்து சிலரைத் தம் பக்கம் கொண்டுவந்தார். ஈட்டனையும், அவரைவிட மூத்தவரும் கரடுமுரடான வில்லனுமான டென்னிஸ் காண்ட்ரியையும் இணைத்து, காண்ட்ரி முன்பு வேறு இருவருடன் நடத்திய அணியின் பெயரான ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ அவர்களுக்குச் சூட்டப்பட்டது. மேலாளராக வந்தவர் ஜிம் கார்னெட் என்ற இருபத்திரண்டு வயது இளைஞர். கென்டக்கியின் லூயிவில்லைச் சேர்ந்த அவர் மல்யுத்தப் படங்களை எடுக்கும் புகைப்படக்காரராக இருந்து மேடைக்கு வந்தவர். தாயின் பணத்தில் கொழிக்கும் செல்லப்பிள்ளையாக வேடமேற்று, கையில் எப்போதும் ஒரு டென்னிஸ் மட்டையை வைத்திருந்தார்.

இந்த மூவரின் வேலைப் பங்கீடுதான் ஈட்டனை உருவாக்கியது எனலாம். ஈட்டன் பேச்சுக்காரர் அல்லர். ஒலிவாங்கியைக் கொடுத்தால் கூசி நிற்கும் இயல்பு கொண்ட அவர், பேச்சாலேயே டிக்கெட் விற்ற அத்தொழிலில் தனித்து நின்றிருந்தால் நடுத்தர ஆட்டக்காரராகவே முடிந்திருக்கக்கூடும். மூச்சுவிடாமல் கொட்டும் கார்னெட்டின் நாவு வெறுப்பை விதைத்தது. காண்ட்ரியின் முரட்டுத்தனம் அதற்கு ஓர் எடையைத் தந்தது. அந்த வெறுப்பை உடலசைவாக மாற்றும் வேலை முழுவதும் ஈட்டனிடம் வந்து சேர்ந்தது. வில்லத்தனம் என்பது உறுமலும் வசனமும் என்று எண்ணியிருந்த காலத்தில், ஏறக்குறைய ஒரு சொல்லும் பேசாமல், நின்ற நிலையாலும் அடியின் நேரத்தாலும் மட்டுமே அதை நிகழ்த்திக் காட்டியது அவருடைய தனிச்சாதனை.

மிட் சவுத்தில் அதன் விளைவு உடனே தெரிந்தது. ஒளிப்பதிவுக் கருவிகளின் முன் வாட்ஸ் கார்னெட்டை அறைய, அதற்குப் பழியாக ஈட்டனும் காண்ட்ரியும் வாட்ஸை இரத்தம் சொட்ட அடிக்க, ஓய்வுபெற்றிருந்த வாட்ஸ் அவ்வட்டாரத்தின் பெருநாயகனான ஜங்யார்ட் டாக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மீண்டும் களமிறங்கினார். ‘லாஸ்ட் ஸ்டாம்பீட்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆட்டம் 1984 வசந்தத்தில் நியூ ஓர்லியன்ஸின் சூப்பர்டோம் உட்பட ஊர் ஊராக நடந்து பெருங்கூட்டத்தை ஈர்த்தது. சில மாதங்களுக்கு முன்வரை அவ்வட்டாரத்தில் எவரும் அறியாத இருவர் மீது இத்தனை ஆத்திரம் திரண்டது, வில்லனை முறையாக வளர்த்தெடுத்தால் வட்டாரமே பிழைத்துக்கொள்ளும் என்பதற்குச் சான்று.

இருப்பினும் ஈட்டனின் கலையை முழுமையாகக் காண வேண்டிய இடம், ரிக்கி மார்ட்டன், ராபர்ட் கிப்சன் ஆகியோரின் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸ் அணியுடன் மிட் சவுத்தில் தொடங்கி வட்டாரம் வட்டாரமாகப் பல ஆண்டுகள் நீண்ட மோதல்களே. மார்ட்டன் சிறிய உடல்காரர்; பொன்னிற நீள்முடியும் கைக்குட்டைகளுமாக வந்த அவரைக் காண இளம்பெண்கள் திரண்டார்கள். மூன்றாம் கட்டத்தில் சிக்கி வதைபடுவது அநேகமாக எப்போதும் அவர்தான். ஈட்டன் அவரைக் கயிற்றில் சாய்த்து வலக்கையால் குத்துவார். முழங்கை தோளுக்குப் பின்னால் முழுதாகச் சென்று, முட்டி தாடையை உரசும் நேரத்தில் கால் தரையில் ஓங்கி அறைய, பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் அடி விழுந்தது தெரியும். ஆனால் மார்ட்டனின் தாடைக்குச் சேதம் எதுவும் இராது. சக கலைஞர்கள் பலர் அக்காலத்தின் மிகச் சிறந்த குத்துகளுள் அவற்றை வைத்தார்கள். அடுத்து நடுவர் திரும்பியிருக்கும் வேளையில் ஈட்டனும் அவர் கூட்டாளியும் கைகளைத் தொடாமலே இடம் மாறிக்கொள்வார்கள். நடுவர் ஐயத்தோடு பார்க்கும்போது, தொட்டதற்கு அடையாளமாக ஈட்டன் தம் இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று தட்டி ஓசையெழுப்பிக் காட்டுவார். கூட்டம் தொண்டை கிழியப் பொய் என்று கத்தும். இவ்வளவு சிறிய ஓர் அசைவு ஓர் அரங்கத்தையே சாட்சியாக்கி, அதே நேரத்தில் அந்தச் சாட்சியத்தைச் செல்லாததாகவும் ஆக்கிவிடுகிறது.

பிறகு மார்ட்டனுக்கு மீட்சி வரும்போது ஈட்டன் வாங்கும் அடிகளும் அதே அக்கறையோடு அமைந்தவை. மார்ட்டனின் ஒவ்வொரு குத்துக்கும் அவர் உடல் வெவ்வேறு விதமாகத் துள்ளி விழுந்து, தம்மைவிட எடை குறைந்த ஒருவரை வலிமைமிக்கவராகக் காட்டியது. அவருடைய புகழ்பெற்ற ‘அலபாமா ஜாம்’, களத்தின் உச்சிக் கயிற்றிலிருந்து பாய்ந்து, கிடப்பவரின் கழுத்துக்குக் குறுக்கே காலை இறக்கும் தாக்குதல். பார்வைக்கு நசுங்குபவர் கீழே கிடப்பவர். உண்மையில் அந்த உயரத்தின் முழு அதிர்ச்சியையும் தாங்குவது பாய்ந்தவரின் இடுப்பும் முதுகெலும்பின் அடியும்தான். பிறரைக் காயப்படுத்துவதாகத் தோன்றுவதற்காகத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் இந்த உழைப்பை ஈட்டன் இரவுக்கு இரவு செய்தார்.

மிட் சவுத்துக்குப் பின் டெக்சாஸில் ஒரு குறுகிய காலத்தைக் கழித்துவிட்டு, 1985இல் அணி வட கரோலினாவின் ஜிம் கிராக்கெட் நிறுவனத்துக்கு வந்தது. டெட் டர்னரின் டிபிஎஸ் அலைவரிசை வழியாக நாடெங்கும் தெரிந்த நிறுவனம் அது. 1986 பிப்ரவரியில் ராக் அண்ட் ரோல் எக்ஸ்பிரஸை வீழ்த்தி ஈட்டனும் காண்ட்ரியும், வட்டார நிறுவனங்களின் கூட்டமைப்பான என்டபிள்யூஏவின் உலக டேக் டீம் பட்டத்தைப் பெற்று, அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்களிடமே இழந்தார்கள். அந்த நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த ஸ்டார்கேட் நிகழ்ச்சியில், களத்துக்கு மேலே ஏறத்தாழ 20 அடி உயரத்தில் கட்டிய சாரத்தின் மீது ரோடு வாரியர்ஸ் என்ற அணியுடன் மோதி, இறுதியில் அடிப்புறக் கம்பிகளில் தொங்கியபடி கீழே விழுந்தார்கள். அன்று சாரத்திலிருந்து விழுந்த கார்னெட்டின் முழங்கால் உண்மையாகவே சிதைந்தது. இத்தகைய சாகசங்கள் ஈட்டனின் துணிவுக்குச் சான்றாகலாம். அவர் கலைக்கு அவை அதிகம் எதையும் சேர்க்கவில்லை. சாரத்தின் மீது நிற்பவருக்கு விழாமல் இருப்பதைத் தவிர வேறு எதையும் நடித்துக்காட்ட இடமில்லை.

1987இல் காண்ட்ரி திடீரென விலகியதும் அவ்விடத்துக்கு ஸ்டான் லேன் வந்தார். கராத்தே உதைகளும் பகட்டும் கொண்ட லேனுடன் அணி மேலும் வேகமும் நேர்த்தியும் பெற்றது. லேன் தூக்கி வீச, உச்சிக் கயிற்றிலிருந்து ஈட்டன் ஏவுகணைபோல் எதிராளியின் மீது விழும் ‘ராக்கெட் லாஞ்சர்’ அவர்களின் முத்திரையாயிற்று. 1988 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஆர்ன் ஆண்டர்சன், டல்லி பிளான்சார்ட் என்ற இன்னொரு வில்லன் இணையை வென்று உலகப் பட்டத்தை ஈட்டன் இரண்டாம் முறை பெற்றபோது, கூட்டம் அவருக்காக ஆர்ப்பரித்தது. மல்யுத்த உலகின் முதன்மை விமர்சன இதழான ரெஸ்லிங் அப்சர்வர் நியூஸ்லெட்டர் 1986, 1987, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து மிட்நைட் எக்ஸ்பிரஸையே ஆண்டின் சிறந்த அணியாகத் தேர்ந்தது.

இந்தப் பாராட்டு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. வில்லனின் திறமையைக் கூட்டம் திறமையென்றே கண்டுகொண்டால், வெறுப்பு தளர்கிறது. 1989 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில், தாம் அப்போது ஆதரித்துவந்த டைனமிக் டியூட்ஸ் என்ற இளம் நாயகர்களுக்குத் துரோகம் செய்து கார்னெட் தம் பழைய அணியோடு மீண்டும் சேர்ந்த காட்சி, கூட்டத்தைக் கொதிக்கவைக்க எழுதப்பட்டது. அரங்கமோ அந்தத் துரோகத்தைக் கைதட்டி வரவேற்றது. காண்பது நடிப்பே என்று அறிந்த புதிய பார்வையாளர் உருவாகிவிட்டார் என்பதை அந்த இரவு காட்டியது. இதற்கு ஈட்டன் தந்த விடை, மேலும் கவனமாக வில்லனாக இருப்பதே. 1990 ஜூலையில் பால்டிமோரில் ட்ரேசி ஸ்மதர்ஸ், ஸ்டீவ் ஆம்ஸ்ட்ராங் ஆகியோரின் சதர்ன் பாய்ஸ் அணியுடன் மோதியபோது, பெரிய பெயரில்லாத அவ்விருவரையும் தம் அணிக்கு நிகராக உயர்த்திக்காட்டினார். அவருடைய கலையை முதன்முறையாகக் காண விரும்புபவர் தொடங்க வேண்டிய ஆட்டம் அதுவே.

அந்த இலையுதிர்காலத்தில் கார்னெட்டும் லேனும், கிராக்கெட்டை விழுங்கி உருவான டபிள்யூசிடபிள்யூ நிறுவனத்தோடு முரண்பட்டு வெளியேறினார்கள். ஈட்டன் தங்கினார். 1991 மே மாதத்தில் ஆர்ன் ஆண்டர்சனை வென்று தொலைக்காட்சிப் பட்டத்தைப் பெற்றாலும், ஜூன் தொடக்கத்திலேயே அதை ஸ்டீவ் ஆஸ்டினிடம் இழந்தார். நாயகனாக அவரை நிலைநிறுத்த நிறுவனத்துக்குப் பொறுமை இல்லை. மக்களிடம் பேசி உறவாடும் திறன் அவருக்கும் இல்லை. டேஞ்சரஸ் அலையன்ஸ் என்ற வில்லன் கூட்டத்தில் சேர்ந்து, 1992 தொடக்கத்தில் அதே ஆர்ன் ஆண்டர்சனுடன் மீண்டும் டேக் டீம் பட்டம் வென்றபோதுதான் அவர் தம் இடத்துக்குத் திரும்பினார் எனலாம். 1995இல் அலபாமாக்காரரான அவரை ஆங்கிலேயப் பிரபுவாக்கி, லார்ட் ஸ்டீவன் ரீகலின் கூட்டாளியாக ‘ஏர்ல் ராபர்ட் ஈட்டன்’ என்று உலவவிட்டார்கள். அத்தகைய வேடத்தையும் அவர் முழு ஈடுபாட்டோடு ஏற்றார்.

களத்துக்கு வெளியே ஈட்டனோடு பழகியவர்கள் ஒருமுகமாகச் சொல்வது அவருடைய பெருங்குணத்தை. புதியவர்களுக்கு வழிகாட்டுவதிலும் பயணங்களில் மற்றவர் தேவையை முன்னறிந்து உதவுவதிலும் அவர் பெயர்பெற்றிருந்தார். இச்செய்தியை, வில்லன் வேடத்துக்குள் நல்ல மனிதர் ஒளிந்திருந்தார் என்ற முரணாகப் படிப்பது மேலோட்டமானது. எதிராளியின் உடலைத் தம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருளாகக் கருதிக் காக்காமல் இக்கலையில் நல்ல வில்லனாக இருக்கவே முடியாது. களத்தில் அவர் செய்ததும் வெளியே அவர் இருந்ததும் ஒரே குணத்தின் இரு வெளிப்பாடுகள். ரெஸ்லிங் அப்சர்வரின் புகழ்மண்டபத்தில் 2009இல் மிட்நைட் எக்ஸ்பிரஸ் இடம்பெற்றது. 2021 ஆகஸ்ட் 4 அன்று, அறுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பு, ஈட்டன் காலமானார்.

அவருடைய வழித்தோன்றல்களாக இன்று முதலில் சொல்லத்தக்கவர்கள் டாக்ஸ் ஹார்வுட், கேஷ் வீலர் ஆகியோரின் எஃப்டிஆர் அணியினர். 1980களின் இணைகளே தங்கள் ஆசான்கள் என்று வெளிப்படையாக அறிவித்த அவர்கள், பாய்ச்சல்களை அடுக்கும் இக்காலப் பாணிக்கு மாறாக, தொடுகையைத் தள்ளிப்போடும் பழைய நிதானத்தை மீட்டெடுத்தார்கள். ஆயினும் ஈட்டனை ஆக்கிய சூழல் திரும்பிவரவில்லை. ஒரே எதிராளியோடு வாரத்தில் பல இரவுகள், வெவ்வேறு ஊர்களில், தொலைக்காட்சியின் நேரக் கெடுபிடியின்றி ஆடியபோதுதான் எந்தக் கணத்தில் வழிவிட வேண்டும் என்ற கணிப்பு கைவந்தது. வாரம் ஒரு முறை, விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே ஆடுபவருக்கு அந்தப் பயிற்சி வாய்ப்பதில்லை.

ஈட்டனிடம் அடிவாங்கிய ரிக்கி மார்ட்டன் டென்னசியில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். அவரும் கிப்சனும் அறுபது கடந்த வயதில், 2019இல், மீண்டும் என்டபிள்யூஏ டேக் டீம் பட்டம் வென்றார்கள். சிக்கித் தவித்து மீளும் நாயகனின் பங்கு இவ்வாறு கைக்குக் கையாக இன்னமும் கற்பிக்கப்படுகிறது. அவரைச் சிக்கவைத்தவரின் பங்கைக் கற்க விரும்பும் இளைஞருக்கு மிட் சவுத், கிராக்கெட் காலத்து ஒளிப்பதிவுகள்தாம் உள்ளன. அவற்றிலும் நாயகனையே பின்தொடரும் கேமரா, அடுத்த அடிக்கு முன் ஈட்டன் எங்கே நின்றார், கூட்டத்தின் எந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார் என்பதைப் பல நேரங்களில் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடுகிறது.